மார்லிஸின் வலது இடுப்பு

ஹார்லோ பே ஊரில் இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களை மார்லிஸ் கோஸ்கெலா நடையை வைத்தே பிரித்துச் சொல்லிவிடுவாள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சர்ச் மண்டபத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும். தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நகர்கிறவர்களைப் பார்த்தபடி அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். காலை ஊன்றும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து வாத்து மாதிரி போகிறவர்கள் பக்கவாட்டில் திறக்கப்பட்டவர்கள். அந்த வேலையைச் செய்த டாக்டர் ஊரைவிட்டுப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. இன்னும் சிலர் நேராகத்தான் நடப்பார்கள், ஆனால் உட்காருவதற்கு முன் நாற்காலியின் உயரத்தை ஒரு கணம் அளந்து பார்ப்பார்கள், கரண்டி கீழே விழுந்தால் குனியாமல் யாராவது எடுத்துத் தரட்டும் என்று நிற்பார்கள். அவர்கள் பின்பக்கம் திறக்கப்பட்டவர்கள், டாக்டர் டீகின் ஆட்கள். மூன்றாவது வாரமே கைத்தடி இல்லாமல் வந்து, பேச்சுக்கு நடுவே தொடையின் வெளிப்பக்கத்தை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தால் முன்பக்கம் திறக்கப்பட்டவர்கள். அந்த இடத்தில் தோல் மரத்துப்போயிருக்கும். அவர்கள் டாக்டர் ரிபிக்கியிடம் போனவர்கள்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இருபத்தாறு வருஷமாக அந்த ஊர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறையில், மேசைப் பக்கத்தில் நின்று டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அவள். அதில் பத்தொன்பது வருஷம் டீகின் மேசை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ரிபிக்கி வந்து சேர்ந்த பிறகு, செவ்வாயும் வியாழனும் அந்த அம்மாளின் மேசை.

அப்பா ஊரின் ஏரித் துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத் தாது ஏற்றினவர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாவது மார்லிஸ். நர்ஸ் படிப்பு முடித்த வருஷம் மில்வாக்கியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று தங்கினாள். அந்தக் குளிர்காலத்தில் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஓரினைப் பார்த்தாள். பிறகு போகவில்லை. பிள்ளை இல்லை. அதைப் பற்றி இருவரும் ஒரே ஒருமுறை பேசி, அதோடு விட்டுவிட்டார்கள்.

ஊரில் யாருக்காவது இடுப்பு தேய்ந்துபோனால் முதலில் அவளைத்தான் கேட்பார்கள். மளிகைக் கடையில் ரொட்டி அடுக்கின் முன்னால் மறித்துக்கொண்டு கேட்பார்கள்.

"உள்ள நிக்கறவ நீ. உன் வாயால சொல்லு, யார்கிட்ட போறது? முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டு பேருமே நல்லவங்க. ரெண்டு வழியும் நல்ல வழிதான்," என்பாள் மார்லிஸ். வேறு எதையும் சொல்ல அவளுக்கு அனுமதி இல்லை, சொல்லவும் விரும்பியதில்லை.

ஐம்பத்தொன்பதாவது வயதில் அவளுடைய வலது இடுப்பு தேய்ந்துபோனது.

முதல் குளிர்காலம் முழுக்க அதை மறைத்தாள். வலி தொடை இடுக்கில் ஆரம்பித்து முழங்காலுக்கு இறங்கும். காரிலிருந்து இறங்க இரண்டு கையாலும் காலைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியிருந்தது. இரண்டு மணி நேர ஆபரேஷன் என்றால் இடது காலிலேயே நிற்கப் பழகினாள். அதைக் கண்டுபிடித்தவள் டார்லா நியெமி. இன்னொரு மேசையில் கருவி கொடுப்பவள், மார்லிஸோடு வேலைக்குச் சேர்ந்தவள்.

"ஏன்டி கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்கற?" என்று கை கழுவும் தொட்டியருகே கேட்டாள்.

"கால் மரத்துப் போச்சு."

"மரத்துப் போறதுன்னா ஒரு நாள் மரத்துப் போகும். நீ போன நவம்பர் நன்றித் திருநாள்லேருந்து இப்படித்தான் நிக்கற. படம் எடுத்தியா?"

"எடுக்கணும்."

"எடுத்தா தெரிஞ்சிடும்னு பயம். ஊர்ல இருக்கற இடுப்பையெல்லாம் பாத்தவளுக்குத் தன் இடுப்பப் பாக்க பயம்."

அது உண்மைதான். எக்ஸ்ரே எடுத்தபோது தொடை எலும்பின் பந்துக்கும் அது உட்காரும் இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே இல்லை. எலும்பும் எலும்பும் ஒட்டிக்கிடந்தன. அந்தப் படத்தை டாக்டர் டீக் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துத் திரையில் பார்த்துவிட்டு, அவள் தோளைத் தட்டினார்.

"அக்டோபர்ல வெச்சுக்கலாம். உன் இடுப்ப வேற யாராவது தொட விட்டுடுவேனா?"

அவருக்கு அறுபத்துமூன்று வயது. கை இன்னும் உறுதி. ஒரு மணி பத்து நிமிஷத்தில் ஒரு இடுப்பை முடித்துவிட்டு, ஏரியில் நிற்கும் தன் படகைப் பற்றிப் பேசிக்கொண்டே கையுறையைக் கழற்றுவார். மார்லிஸ் "சரிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். சரி என்று சொன்னது வாய்தான்.

வீட்டில் ஓரின் இருந்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து அவனுக்கு வலது கையும் காலும் பாதி போய்விட்டன. பேச்சில் மிஞ்சியது "ஆமா", "இல்ல", "வண்டி", அப்புறம் அவளைக் கூப்பிட "மார்". தினமும் காலையில் அவனைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, அவள் தரையில் மண்டியிட்டு, கணுக்காலை மடங்காமல் நிறுத்தும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டி, அதன்மேல் ஷூவை ஏற்றி நாடாவைக் கட்டுவாள். குளியலறைக்குத் தோளைக் கொடுத்துக் கூட்டிப்போவாள். பகலில் அவள் வேலைக்குப் போனால் ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். மற்ற நேரம் முழுக்க மார்லிஸ்தான்.

பின்பக்கம் திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடுப்பைப் பின்னாலிருந்து காக்கிற சின்னத் தசைகளை எலும்பிலிருந்து அறுத்து விலக்கித்தான் உள்ளே போக வேண்டும். டாக்டருக்கு உள்ளே எல்லாம் நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், வேலை சுத்தமாக நடக்கும். ஆனால் அந்தத் தசைகள் ஆறும்வரை பின்வாசல் திறந்து கிடக்கிற மாதிரிதான். ஆறு வாரம் குனியக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்ந்த நாற்காலி கூடாது. தவறிக் குனிந்தால் புது மூட்டு நழுவி வெளியே வந்துவிடும். தரையில் மண்டியிட்டு இன்னொருவருக்கு ஷூ மாட்டுவதைப் பற்றி நினைக்கவே முடியாது.

முன்பக்கம் வேறு மாதிரி. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, பாதத்தைப் பூட்ஸ் மாதிரியான ஒன்றில் பூட்டி, மேசையே காலை வேண்டிய பக்கம் திருப்பிவிடும். இரண்டு தசைகளுக்கு நடுவே விரலால் பிரித்துப் போகலாம், எதையும் அறுக்க வேண்டாம். மறுநாளே குனியலாம். ஆனால் தொடை எலும்பை மேலே எழுப்பி அதற்குள் புது மூட்டின் உலோகத் தண்டை இறக்குவது சிரமம். ரிபிக்கி வந்த புதிதில் ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஆனது. ஒருவருக்கு எலும்பு விரிசல் விட்டு, கம்பி சுற்றிக் கட்டினார்கள். மார்லிஸ்தான் அந்தக் கம்பியை எடுத்துக் கொடுத்தாள். இப்போது நூறு தாண்டிவிட்டது. ஒன்றரை மணி நேரம்தான்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்த பிறகு, ரிபிக்கியின் அறைக் கதவைத் தட்டினாள்.

"நோயாளியா வந்திருக்கேன்," என்றாள்.

ரிபிக்கிக்கு முப்பத்தெட்டு வயது. குள்ளம். மேசையருகே ஒரு படி போட்டுக்கொண்டுதான் நிற்பாள். படத்தைப் பார்த்தாள், மார்லிஸைப் படுக்கச் சொன்னாள், காலை மடக்கித் திருப்பினாள். பிறகு வயிற்றைக் கையால் மேலே தூக்கிப் பிடித்து, அதன் அடியில் தொடை இடுக்கின் மடிப்பில் இன்னொரு கையை வைத்தாள்.

"இந்த மடிப்பை நீங்களே எத்தனை பேருக்கு மருந்து போட்டுத் துடைச்சிருக்கீங்க, மார்லிஸ்."

"சொல்லுங்க டாக்டர்."

"முன்னாடி வெட்டினா காயம் நேரா இதுக்குள்ள போய் உக்காந்துக்கும். ஈரம், வேர்வை, காத்தே படாது. கிருமி உள்ள போச்சுன்னா நான் வெச்ச உலோகத்தை நானே திரும்ப எடுக்கணும். போன வசந்தத்துல ஒருத்தருக்கு எடுத்தோமே, நீங்கதான் பக்கத்துல நின்னீங்க."

"எடை எவ்வளவு குறைச்சா செய்வீங்க?"

"நாப்பது பவுண்டு."

"நடக்க முடியாதவ எப்படிக் குறைப்பா?"

"அதான் எனக்கும் தெரியல." ரிபிக்கி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பின்பக்கம் நான் படிக்கறப்ப செஞ்சதோட சரி. டாக்டர் டீக் ஆயிரம் செஞ்சவர். என்னைத் தேடி வந்தீங்க, எனக்குப் பெருமைதான். ஆனா உங்க உடம்புக்கு அவர்தான் சரி."

மார்லிஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டாள். நேர்மையான பேச்சுதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியே வந்து காரில் உட்கார்ந்து வெகுநேரம் சாவியைத் திருப்பாமல் இருந்தாள். நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் நூற்றுப் பத்து மைல். அங்கே கொண்டுபோகப் போவதும் இதே வயிற்றைத்தான்.

டீகிடம் போவதில் ஷூவைத் தவிர இன்னொரு தயக்கமும் இருந்தது. அதை அவள் டார்லாவிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

அறுத்த அந்தச் சின்னத் தசைகளை முடிவில் எலும்போடு சேர்த்துத் தைக்க வேண்டும். மூட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தையல்தான். டீக் தைப்பார். ஆனால் சிலருக்குத் தசை நைந்து நூல்நூலாக வரும். அப்போது அவர் இடுக்கியால் அதைத் தூக்கிப் பார்த்து, "இது பிடிக்காது, விடு, மேல மூடிடலாம்" என்பார். மார்லிஸ் தயாராக வைத்திருந்த ஊசியைத் தட்டில் திரும்ப வைப்பாள். ஆபரேஷன் குறிப்பில் அது வராது. அடுக்கடுக்காக மூடப்பட்டது என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான். அப்படி விட்டவர்கள் அவள் நினைவில் பதினோரு பேர். அவர்களில் மூன்று பேர் மூட்டு நழுவித் திரும்பி வந்தார்கள். தைத்தவர்களில் இத்தனை வருஷத்தில் அப்படி வந்தவர்களைச் சேர்த்தாலே மூன்று நான்கு பேர்தான் இருப்பார்கள். அவள் டாக்டர் இல்லை. மேசையருகே நர்ஸ் வாயைத் திறந்து சொல்வது பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை மட்டும்தான். அதனால் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

டீகின் அறையில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள். வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு.

"பின்னாடி தசையைத் தைச்சிடுவீங்கல்ல டாக்டர்?"

அவர் சிரித்தார். "பத்தொன்பது வருஷமா பாக்கறவ நீ. நான் எப்படிச் செய்வேன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். சம்மதப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஓரினை ஊருக்கு வெளியே இருந்த பராமரிப்பு இல்லத்தில் எட்டு வாரம் விட ஏற்பாடாயிற்று. அன்று காலை அவனுக்கு ஷூ மாட்டும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் இடது கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான்.

"இல்ல," என்றான்.

"எட்டு வாரந்தான் ஓரின். எனக்கு ஆபரேஷன். உன்னைத் தூக்க முடியாது."

"இல்ல. மார். இல்ல."

"எனக்கு மட்டும் ஆசையா? விடு கையை. பனி கொட்ட ஆரம்பிச்சா வண்டி போகாது."

வண்டி என்ற சொல்லைக் கேட்டதும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. முப்பது வருஷம் பனியைத் தள்ளி ஊருக்கே வழி உண்டாக்கிக் கொடுத்தவன். கையை விட்டான். இல்லத்தில் அவனுக்குக் கொடுத்த அறையின் ஜன்னல் வண்டிகள் நிற்கும் இடத்தைப் பார்த்து இருந்தது. அவள் காரை எடுக்கும்வரை அவன் ஜன்னலுக்கு வரவில்லை.

ஆபரேஷனுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்தார்கள். கூடவே தூங்கவும் மருந்து தருவது வழக்கம். வேண்டாம் என்றாள் மார்லிஸ். மயக்க மருந்து நிபுணர் இரண்டு தடவை கேட்டார். "சத்தமெல்லாம் கேக்கும்," என்றார். "எனக்குத் தெரியாத சத்தமா," என்றாள்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடம்பு அசையாதபடி முன்னால் ஒரு முட்டும் பின்னால் ஒரு முட்டும் வைத்து இறுக்கினார்கள். இந்த முட்டுகளை எத்தனையோ பேருக்கு அவளே திருகி இறுக்கியிருக்கிறாள். இவ்வளவு இறுகும் என்று தெரிந்ததில்லை. முகத்துக்கு முன்னால் நீலத் துணி. ஒரு சாண் தூரத்தில் அந்தத் துணி, அதற்குமேல் விளக்கின் வெளிச்சம். அவ்வளவுதான் உலகம். துணிக்கு அந்தப் பக்கம் டார்லா கருவி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் போடச் சொல்லி மார்லிஸே கேட்டிருந்தாள்.

வலி இல்லை. யாரோ தன்னைக் கட்டிலோடு சேர்த்துக் குலுக்குகிற மாதிரி இருந்தது. ஆனால் காது திறந்திருந்தது. கத்தியைத் தட்டில் வைக்கிற ஓசை. அடுத்து கொக்கி. இப்போது தசையைப் பிரிக்கிறார், இப்போது அந்தச் சின்னத் தசைகளை அறுக்கிறார். ரம்பம் ஓடியது, பத்து நொடி. பழைய உருண்டை தட்டில் விழுந்த சத்தம் கேட்டது. நாற்பது கிராம் இருக்குமா என்று தோன்றியது, எத்தனை பேருடையதைக் கையில் வாங்கியிருக்கிறாள். கிண்ணத்தைத் துருவுகிற கரகரப்பு. சுத்தியல். அடி விழ விழ அவள் தலையும் சேர்ந்து அசைந்தது, சத்தத்தின் சுருதி மெல்ல மெல்ல ஏறியது. சுருதி ஏறி நின்றால் தண்டு சரியாக உட்கார்ந்துவிட்டது. நின்றது. டீக் படகைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் உறைவதற்குள் கரையேற்ற வேண்டுமாம். மூட்டைப் பொருத்தி, காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். சரியாக இருந்திருக்க வேண்டும், அடுத்தது கழுவும் ஓசை வந்தது.

பிறகு பேச்சு நின்றது. இடுக்கியின் சின்ன ஓசை.

"நைஞ்சு கிடக்கு," என்றார் டீக். "இது பிடிக்காது. விடு, மேல மூடிடலாம்."

டார்லா ஊசியைத் தட்டில் வைத்தாள். அந்த ஓசையும் மார்லிஸுக்குத் தெரியும். அவளே பதினோரு தடவை எழுப்பிய ஓசை.

எழுந்திருக்க முடியாது. திரும்ப முடியாது. கை இரண்டும் பட்டையில் கட்டுண்டு கிடந்தன. வாய் மட்டும்தான் அவளிடம் இருந்தது.

"தைங்க டாக்டர்," என்றாள்.

டீகின் தலை துணிக்கு மேலே தெரிந்தது.

"மார்லிஸ், முழிச்சிட்டிருக்கியா?"

"முழிச்சிட்டுத்தான் இருக்கேன். தைங்க. நைஞ்சிருந்தா எலும்புல ஓட்டை போட்டு அதுவழியா நூலை இழுத்துத் தைங்க. உங்களுக்குத் தெரியும்."

"அதுக்கு இருபது நிமிஷம் கூட ஆகும்."

"எனக்கு வேற வேலை இல்ல."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். மயக்க மருந்து நிபுணர் அவள் நெற்றியில் கையை வைத்தார், ஆறுதலுக்கா, தூங்கவைத்துவிடவா என்று தெரியவில்லை. அவள் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"துளைக்கருவி," என்றார் டீக், யாருடைய பெயரையும் சொல்லாமல். டார்லா கொடுத்துவிட்டாள். கேட்பதற்கு முன்பே எடுத்து வைத்திருந்தாள் என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது.

மாலையில் அவர் வார்டுக்கு வந்தார். கால்மாட்டில் நின்று பாதத்தை அசைக்கச் சொன்னார். அசைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் நோயாளி அறையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"மேசையில படுத்துக்கிட்டு எனக்குப் பாடம் நடத்தினவ நீ ஒருத்திதான்."

"பாடம் இல்ல டாக்டர். பயம்."

"நான் தைச்சது நிக்கும்னு உறுதி சொல்ல மாட்டேன். ஈரத் தாளத் தைக்கற மாதிரி இருந்துச்சு."

"நிக்காட்டா போகட்டும். தைக்காம விட்டது பதினோரு பேரு. மூணு பேரு திரும்பி வந்தாங்க. அதுல தபால்கார வெர்னன் சாரி ரெண்டு தடவை வந்தாரு."

அவர் அவளைப் பார்த்தார். "எண்ணிக்கிட்டு இருந்தியா?"

"எண்ணல. மறக்கல."

"பதினோரு பேர்ல மூணுன்னு வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வயசு, எடை, பனியில வழுக்கினது, எதுவா வேணா இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே, மார்லிஸ்."

"சொல்லியிருக்கலாம்."

டீக் கட்டில் கம்பியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனார்.

மூன்றாம் நாள் டார்லா அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டாள். அதிலிருந்து ஆறு வாரம் மார்லிஸ் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே வாழ்ந்தாள். நாற்காலிக்கு மேல் தடித்த மெத்தை, கழிப்பறைக்கு மேல் உயரமான இருக்கை, தூங்கும்போது முழங்கால்களுக்கு நடுவே தலையணை. நவம்பர் முதல் வாரமே பனி ஜன்னல் விளிம்புவரை ஏறியது. கீழே விழுந்த எதையும் எடுக்க முடியாது. ஒருநாள் மாத்திரை டப்பா விழுந்து உருண்டு அடுப்புக்கு அடியில் போனது. மறுநாள் டார்லா வரும்வரை வலியோடு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஓரினைத் தொலைபேசியில் கூப்பிட்டால் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். "ஓரின், நான்தான்" என்பாள். மூச்சு. வைத்துவிடுவாள்.

வெர்னன் சாரி தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், மூன்று வீடு தள்ளி இருந்தார். சாலையோரப் பெட்டியிலிருந்து அவளுடைய தபாலை எடுத்துக்கொண்டு வாக்கரோடு பனியில் வருவார். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். நான்காவது வாரத்தில் ஒருநாள் காபி ஊற்றிக் கொடுத்தாள். அவர் உட்காருமுன் நாற்காலியைப் பார்த்தார். அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"வெர்னன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க ஆபரேஷன்ல நான் நின்னேன். உள்ள ஒரு தசையைத் தைக்கணும். தைக்கல. பிடிக்காதுன்னு விட்டுட்டாங்க. ஊசி என் கையிலதான் இருந்துச்சு. நான் ஒண்ணும் பேசல."

அவர் காபியைக் குடித்தார். கோப்பையைச் சாஸரில் சரியாக நடுவில் வைத்தார்.

"தைச்சிருந்தா நழுவியிருக்காதா?"

"தெரியாது. நழுவாம இருந்திருக்கலாம்."

"ரெண்டாவது தடவை நான் கராஜ் தரையில நாலு மணி நேரம் கிடந்தேன். சும்மா ஒரு ஷூ நாடா. அதைக் கட்டப் போய்." தொப்பியைக் கையில் எடுத்தார். "குளிர்ல கத்திக் கத்தித் தொண்டை போச்சு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? டாக்டர் குனியாதேன்னார், நான்தான் குனிஞ்சேன், தப்பு என்னுதுன்னு. மூணு வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"மன்னிச்சிடுங்க."

"உனக்கு மட்டும் தைக்கச் சொன்னியாமே. டார்லா கடையில சொல்லிட்டிருந்தா."

"சொன்னேன்."

"ம்," என்றார். தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஒன்பது நாள் தபால் வரவில்லை. பத்தாம் நாள் கதவருகே பையில் கட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார், உள்ளே வரவில்லை.

வெர்னன் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜனவரியில் மார்லிஸைக் கூப்பிட்டார்கள். நீள மேசையின் ஒரு பக்கம் டீக், எதிரே ரிபிக்கி, நடுவே நிர்வாகத்துக்காரர்கள் இருவர். பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். தான் பேசாமல் இருந்ததையும் சொன்னாள், அதை யாரும் கேட்கவில்லை என்றாலும். டீக் எதையும் மறுக்கவில்லை. இனிமேல் தைத்ததா, தைக்காமல் விட்டதா, ஏன் என்று குறிப்பில் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. ரிபிக்கி குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள், ஒரு தடவையும் நிமிரவில்லை. வெளியே வந்தபோது டார்லா, "உன் பக்கத்துல இனிமே யாரும் மூச்சு விடவே யோசிப்பாங்கடி" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். அது அப்படியே ஆனது.

அதற்கு முன்பே, கிறிஸ்துமஸ் முடிந்த வாரம், ஓரின் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியை வைத்துவிட்டு, அவள் இடுப்பை இடது கையால் சுட்டிக்காட்டினான்.

"ஆமா?" என்று கேட்டான்.

"ஆமா. வலி போயிடுச்சு."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் சாப்பிட்டான்.

பன்னிரண்டாவது வாரம் மார்லிஸ் வேலைக்குத் திரும்பினாள். டீக் அவளைத் தன் மேசையிலிருந்து மாற்றச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி, அவரோடுதான். எல்லாருக்கும் தைக்கிறார். தசை நைந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டுகிறார். படகைப் பற்றிப் பேசுவதில்லை. ஒன்றரை மணி நேரம் இரண்டு பேரும் முகமூடிக்குள் நின்று கருவியின் பெயரை மட்டும் பேசிக்கொள்கிறார்கள். ஓய்வு பெற அவளுக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக ஓரினை வைத்துக்கொண்டு வழியில்லை.

மூட்டு இதுவரை நழுவவில்லை. இரண்டு காலையும் ஊன்றி நிற்கிறாள், படி ஏறுகிறாள், காலையில் தாழ்வான முக்காலி போட்டு உட்கார்ந்து ஓரினுக்கு ஷூ மாட்டுகிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் டார்லா வந்து அவனோடு உட்கார்ந்துகொள்வாள். அப்போது மார்லிஸ் கோட்டை மாட்டிக்கொண்டு அப்பா வேலை பார்த்த பழைய துறைமுகப் பாலம்வரை நடப்பாள். வலியே இல்லாமல் அவ்வளவு தூரம் நடக்க முடிகிறது. ஒரு மணி நேரம் என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். பாலத்தின் முனையில் ஏரி நீலமாக உறைந்து கிடக்கும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஓரினுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று தோன்றியதும் திரும்பிவிடுவாள். நாற்பது நிமிஷத்துக்குமேல் ஒருநாளும் ஆனதில்லை.